எபெனேசர் என்னும் உதவிக் கல்

உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் எபெனேசர் என்னும் பெயர் ஒன்று இருக்கக்கூடும். தமிழ்நாட்டுக் கிறித்தவ இல்லங்களில் ஆண்மக்களுக்கு இடப்படும் பெயர்களுள் அது மிகவும் பழக்கமானது. வீட்டு வாசலிலும், ஆலய முகப்பிலும், சில ஊர்களில் மளிகைக்கடைப் பலகையிலுங்கூட அதனைக் காணலாம். போடிநாயக்கனூர் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய நான், அப்பெயருடைய மாணவர் பதின்மருக்குக் குறையாமல் கண்டிருக்கிறேன். "உன் பெயருக்குப் பொருள் யாது?" என்று கேட்டால், "அது பைபிளில் உள்ள பெயர், ஐயா" என்பதே பெரும்பாலும் கிடைத்த விடை. பைபிளில் உள்ள பெயர்தான். ஆனால் அங்கே அது மனிதனுக்கு இடப்பட்ட பெயரன்று. ஒரு கல்லுக்கு இடப்பட்ட பெயர்.

ஆங்கில இலக்கியம் பயிலும் கல்லூரி மாணவர்களுக்குச் சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதை நினைவுக்கு வரும். அதில் வரும் கஞ்சனின் பெயரும் எபெனேசர்தான். சென்ற காலத்தின் ஆவி ஒன்று அவனை அழைத்துச் சென்று, அவன் மறந்துவிட்ட இளமை நாட்களைக் காட்டுகிறது. அவனது மனமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் எண்ணித்தான் அப்பெயரைத் தேர்ந்தாரா என்று நான் வாதிடப் போவதில்லை. பொருத்தம் நன்றாயிருக்கிறது என்பதோடு நிற்கிறேன்.

கல்லின் வரலாறு சாமுவேலின் முதலாம் நூல் ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. இஸ்ரவேல் மக்கள் மிஸ்பா என்னுமிடத்தில் கூடி உபவாசமிருந்தபோது பெலிஸ்தர் படையெடுத்து வந்தனர். சாமுவேல் பலி செலுத்தி வேண்டிக்கொண்டார். பெரும் இடிமுழக்கத்தால் பகைவர் படை கலைந்து ஓடியது. அதன்பின் சாமுவேல் ஒரு கல்லை எடுத்து, மிஸ்பாவுக்கும் சேன் என்னும் இடத்துக்கும் நடுவே நிறுத்தி, அதற்கு எபெனேசர் என்று பெயரிட்டார். எபிரெய மொழியில் 'எபென்' என்பது கல். 'ஏசெர்' என்பது உதவி. இதுவரைக்கும் தேவன் எங்களுக்கு உதவினார் என்பதே அவர் அதற்குக் கூறிய விளக்கத்தின் சாரம்.

இவ்வளவும் ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் அறிந்ததே. பலர் கவனியாமல் விடுவது வேறொன்று. அதே நூலின் நான்காம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கும் எபெனேசர் என்னும் பெயர் வருகிறது. அவ்விடத்தில் பாளயமிறங்கித்தான் இஸ்ரவேலர் பெலிஸ்தரோடு போரிட்டு முதலில் நாலாயிரம் பேரையும், பின்னர் முப்பதாயிரம் பேரையும் இழந்தனர். உடன்படிக்கைப் பெட்டியும் பகைவர் கையில் சிக்கியது. இரண்டும் ஒரே இடந்தானா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இடம் வேறாயினும் பெயர் ஒன்றே. கேட்டவர் யாவருக்கும் அப்பெயர் முதலில் தோல்வியையே நினைவூட்டியிருக்கும். பெட்டி மீண்டு வந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர், அந்தப் பெயரையே எடுத்துச் சாமுவேல் நன்றியின் கல்லுக்குச் சூட்டுகிறார். தோல்வியை அழித்துவிட்டு அதன்மேல் வெற்றித்தூண் எழுப்பவில்லை அவர். 'இதுவரைக்கும்' என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் முப்பதாயிரம் பிணங்களும் அடங்கியிருக்கின்றன. கிறித்தவர் பழைய நன்மைகளை நினைவுகூர்வது பற்றிப் பேசும்போது இதனை நாம் மறந்துவிடலாகாது. ஏனெனில் இனிமையானவற்றை மட்டும் பொறுக்கியெடுப்பது நினைவுகூர்தல் ஆகாது.

கல் நட்டு நினைவை நிலைநிறுத்துவது தமிழர்க்குப் புதிதன்று. நமது தேனி மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டிப் பகுதியில் வைகைக் கரையை ஒட்டியுள்ள புலிமான்கோம்பையில், 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று மதிப்பிடப்படும் அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் வீழ்ந்த வீரனைக் குறிக்கிறது. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகிறது: தக்க கல்லைக் காணுதல், நாட்குறித்தல், நீரில் இட்டுத் தூய்மை செய்தல், நாட்டுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என. யோசுவாவின் நூலிலும் நீரிலிருந்து எடுத்த கற்களே பேசப்படுகின்றன. யோர்தான் ஆற்றைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து கோத்திரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கற்களைத் தோள்மேல் சுமந்து வந்து கில்காலில் நாட்டினர். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நடுகல், வீழ்ந்த வீரனின் ஆற்றலைச் சொல்லும். கில்காலின் கற்களோ தம்மைச் சுமந்து வந்தவரின் ஆற்றலைச் சொல்லவில்லை. வழி திறந்தவரைச் சொல்லின.

அந்தக் கற்களின் நோக்கத்தை யோசுவா விளக்கும் முறை, ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பிற்காலத்தில் பிள்ளைகள், இந்தக் கற்கள் எதற்கு என்று தகப்பன்மாரைக் கேட்பார்கள். அப்போது நடந்ததைச் சொல்லுங்கள் என்கிறார். பாடத்தை முதலில் சொல்லவில்லை. வினா எழுவதற்கு ஒரு பொருளைக் கண்முன் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். யூதரின் பஸ்கா விருந்திலும், வீட்டிலுள்ள இளைய பிள்ளை எழுந்து, மற்ற இரவுகளைக் காட்டிலும் இந்த இரவு ஏன் வேறுபட்டிருக்கிறது என்னும் கருத்தில் வினாக்கள் கேட்பது இன்றும் வழக்கம். மூவாயிரம் ஆண்டு நினைவு ஒரு சிறுபிள்ளையின் கேள்வியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஏன் இவ்வளவு ஏற்பாடு? மனிதன் மறக்கும் பிராணி என்பதால். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மீதே சோதனை நடத்தி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து பார்த்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேலும், ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் நழுவிவிட்டன. இடையிடையே மீட்டுப் படித்தவை நிலைத்தன. கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூல் இன்னும் கவலை தரும் செய்தியைக் கூறியது. அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கில மாணவர்களிடம் கொடுத்துப் பலமுறை நினைவிலிருந்து எழுதச் செய்தார். எழுதுந்தோறும் கதை அவர்களுக்குப் பழக்கமான உருவத்துக்கு மாறிக்கொண்டே வந்தது, ஓடம் படகாயிற்று, விளங்காதவை மறைந்தன. நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளன்று. ஒவ்வொரு முறையும் நாம் புதிதாகக் கட்டுவது. ஆகவே நன்மையை நினைவுகூர்கிறேன் என்பவன், தனக்கு வசதியான கதையைக் கட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. கல், திருவிழா, எழுத்து, சாட்சியாகச் சபை என்று புறத்தே சில ஆதாரங்களை வேதாகமம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

மறதி எப்போது வருகிறது என்பதிலும் வேதாகமத்தின் கூற்று நாம் எதிர்பார்ப்பதற்கு மாறானது. உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் மோசே அஞ்சுவது பஞ்சத்தையன்று. உண்டு நிறைந்து, நல்ல வீடு கட்டி, ஆடுமாடும் பொன்னும் பெருகிய காலத்தை. போடியில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ ஒன்று 7,000 ரூபாய் வரை போயிற்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் விலை ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. விலை ஏறியபோது அது எங்கள் சாமர்த்தியம். இறங்கியபோது 'கடவுளுக்குக் கண்ணில்லையா' என்றோம். எங்கள் ஊர்க்காரர்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டா. நானும் மலையில் சிறு துண்டு நிலம் வைத்திருந்தவன்தான்.

இங்கே ஒரு சொல்விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஏலம் என்பது எங்கள் மலையில் விளையும் பொருள். ஏலம் என்பது அதை விற்கும் முறையும் ஆகும். இரண்டும் ஆலயத்தில் சந்திக்கும் நாள் ஒன்றுண்டு. அறுப்பின் பண்டிகையன்று மக்கள் தத்தம் விளைவின் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள்: வாழைத்தார், பூசணி, கரும்பு, கால்கட்டிய சேவல், ஒரு பொட்டலம் ஏலக்காய். ஆராதனை முடிந்ததும் அவையெல்லாம் வெளியே ஏலம் விடப்படும். இருநூறு ரூபாய் பெறாத சேவலை இரண்டாயிரத்துக்கு எடுத்தவர், அதனை மறுபடியும் காணிக்கையாகத் திருப்பிக் கொடுப்பார்; அது மீண்டும் ஏலத்துக்கு வரும். சிறுவயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. முதற்பலன் படைப்பவன் தன் முன்னோர் அலைந்து திரிந்த வரலாற்றை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று உபாகமம் இருபத்தாறாம் அதிகாரம் விதித்திருப்பதைப் பின்னாளில் படித்தபோதுதான், கூடையோடு ஒரு கதையும் சேர்ந்தே வரவேண்டும் என்பது விளங்கியது.

என் தந்தையார் போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஏலச்செடி அடியிலிருந்து தரையையொட்டிச் சரம் விட்டுக் காய்ப்பது. குனிந்தும் குத்தவைத்தும்தான் காய் எடுக்கவேண்டும். ஒரே செடியில் காய்கள் ஒன்றாகப் பழுப்பதில்லை. ஆகையால் மாதத்துக்கொருமுறை என்பதுபோலச் சுற்றுச் சுற்றாக எடுப்பு நடக்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். இவற்றையெல்லாம் பேரேட்டில் பதிவதே அவர் வேலை. அவரிடம் சொந்தமாக மற்றொரு பேரேடும் இருந்தது. 1951இல் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டே பக்கம். வலப்பக்கத்தில் அவ்வாண்டில் கிடைத்த உதவிகள். இடப்பக்கத்தில் கேட்டும் கிடையாதவை. டிசம்பர் 31ஆம் நாள் இரவு, நள்ளிரவு ஆராதனைக்குப் புறப்படுமுன், எங்களை உட்காரவைத்து முதலிலிருந்து வாசிப்பார். வலப்பக்கத்தில் பெரிய அற்புதங்கள் எவையும் இல்லை. 'யானை குடிசையை விட்டுத் தாண்டிப் போயிற்று.' 'நாடார் கடைக்காரர் அரிசிக் கடனுக்குத் தவணை கொடுத்தார்.' 'மூத்தவன் ஐந்தாம் வகுப்பில் தேறினான்.' இவ்வாறானவையே.

1968ஆம் ஆண்டுக்குரிய இடப்பக்கத்தில் என் தங்கையின் பெயர் இருக்கிறது. அவளுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது. ஆகஸ்டு மழையில் காய்ச்சல் கண்டது. பாதையில் மண் சரிந்து வண்டி இறங்கவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் முடிந்துவிட்டது. 'மழை. வண்டி இறங்கவில்லை' என்று எழுதி, நாளையும் குறித்திருக்கிறார். அவ்வாண்டின் வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

நான் கல்லூரி முடித்து வந்த செருக்கில் ஒருநாள் அவரிடம், "அப்பா, கிடைத்ததை மட்டும் கூட்டிக் கணக்குக் காட்டினால் யாருக்கும் விசுவாசம் வரும்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "அதனால்தான் தம்பி, இந்தப் பக்கமும் வைத்திருக்கிறேன்" என்று இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "அப்படியானால் கழித்துப் பார்த்தீர்களா?" என்றேன். "இது கூட்டிக் கழிக்கிற கணக்கில்லை. யாரோடு நடந்து வந்தேன் என்று பார்க்கிற கணக்கு" என்றார். அன்று எனக்கு அது விடையாகத் தோன்றவில்லை.

சங்கீதங்களைப் பிற்காலத்தில் ஊன்றிப் படித்தபோது என் தந்தையார் தனியே இல்லை என்று கண்டேன். எழுபத்தேழாம் சங்கீதத்தில் ஆசாப் உறக்கமின்றித் தவிக்கிறார். தேவனை நினைக்கிறார், ஆறுதல் வரவில்லை, அலைக்கழிப்பே மிகுகிறது. தேவன் இரக்கஞ்செய்ய மறந்துவிட்டாரோ என்று அஞ்சாமல் கேட்டும் விடுகிறார். அதன் பின்னரே பழங்காலத்துச் செயல்களை எண்ணத் தொடங்கிச் செங்கடலைப் பிளந்த நாளுக்குப் போகிறார். அவருடைய சொந்தத் துன்பம் தீர்ந்ததா என்று சங்கீதம் சொல்லாமலே முடிந்துவிடுகிறது. நாற்பத்துநான்காம் சங்கீதமோ இதனினும் கடுமையானது. எங்கள் தகப்பன்மாருக்கு நீர் உதவியதைக் கேட்டிருக்கிறோம், இப்பொழுதோ எங்களைத் தள்ளிவிட்டீர் என்று முறையிடுகிறது. அங்கே பழைய நன்மையின் நினைவு மனத்தை மயக்கும் மருந்தாக இல்லை. தேவனிடம் வழக்குத் தொடுப்பதற்கு உரிய ஆவணமாகவே இருக்கிறது. முன்பு உதவியவர் என்று நம்புகிறவனால்தான் இப்போது ஏன் உதவவில்லை என்று கேட்க முடியும். விசுவாசம் வலுப்பெறுவது இந்தக் கேள்வியின் வழியாகவும்தான்.

எபிரெயத்தில் நினைத்தல் என்னும் சொல்லுக்குள் செயலும் அடங்கும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். தேவன் நோவாவை நினைத்தார் என்று ஆதியாகமம் கூறினால், அடுத்து வெள்ளம் வடியத் தொடங்குகிறது. கிறித்தவர் திருவிருந்தில் அப்பத்தையும் ரசத்தையும் நினைவுகூர்தலாகப் பெறுவதும் இவ்வகையதே. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் ஏற்படுத்தப்பட்ட விருந்து அது; நினைவுகூரப்படுவதும் ஒரு சாவு. மகிழ்ச்சியான நாளொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்வி.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. எழுபது பேர் மடிந்தனர். பெரும்பாலோர் தமிழர், கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே மலையேறிய குடும்பத்தார். அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு சிறு ஜெபக்கூட்டத்தில், அன்று தற்செயலாக மலையிலிருந்து இறங்கி வந்திருந்த ஒருவர் எழுந்து, தேவன் தம்மைக் காத்தார் என்று கண்ணீரோடு சாட்சி சொன்னார். கூட்டம் முடிந்தபின் என் பழைய மாணவி ஒருத்தி, கல்லூரியில் படிப்பவள், என்னிடம் வந்து, "ஐயா, இவருக்கு உதவினார் என்றால் அந்த எழுபது பேருக்கு?" என்று கேட்டாள்.

நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்குத் தெரியாது என்றேன். லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தை வாசித்துப் பார் என்றேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை இயேசு அங்கே எடுத்துக்கொள்கிறார். இறந்தவர் மற்றவரைவிடப் பாவிகளா என்று தாமே கேட்டு, அல்ல என்று தாமே விடை சொல்கிறார். ஏன் விழுந்தது என்பதற்கு விளக்கம் தரவில்லை. தப்பியவர் நன்றி சொல்வதை நாம் தடுக்கக்கூடாது. ஆனால் தம் நன்றியைக் கொண்டு இறந்தவரை அளக்கவும் அவருக்கு உரிமை இல்லை. சாமுவேல் 'எங்களுக்கு' என்று மட்டுமே சொன்னார். அதற்குமேல் அந்தக் கல் எதையும் பேசவில்லை.

மூணாற்றில் கிறைஸ்ட் சர்ச் என்னும் கல்லாலான ஆலயம் ஒன்று உண்டு, மலைச்சரிவில் நிற்பது. 1910இல் அடிக்கல் நாட்டி 1911இல் ஆராதனை தொடங்கினார்கள். அங்கே ஆலயத்துக்கு முன்பே கல்லறைத்தோட்டம் வந்துவிட்டது. 1894இல் வாந்திபேதியால் இறந்த ஓர் இளம் ஆங்கிலப் பெண்ணை அக்குன்றில் அடக்கம் செய்தனர்; ஆலயம் பின்னர் அதனருகே எழுந்தது. 1924 ஜூலையில், மலையாள ஆண்டைக்கொண்டு மக்கள் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்று சொல்லும் பெருவெள்ளம் வந்தபோது, டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளை ரயில்பாதை அடித்துச் செல்லப்பட்டது. அது மீண்டும் போடப்படவேயில்லை. ஆலயம் நின்றது. இன்று அங்கே தமிழிலும் ஆராதனை நடக்கிறது. மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நான் முதலில் கல்லறைகளைக் காட்டிவிட்டே உள்ளே கூட்டிச் செல்வேன்.

தந்தையார் 1994இல் காலமானார். பேரேடு என்னிடம் வந்தது. 1983இன் கொடிய வறட்சியில் செடிகள் கருகிய ஆண்டுக்கு அவர் இடப்பக்கத்தில் எழுதியது இரண்டே சொல்: 'மழை இல்லை.' வலப்பக்கத்தில், நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த செய்தி. அவர் விட்ட இடத்திலிருந்து நான் எழுதி வருகிறேன். ஒழுங்காக என்று சொல்லமுடியாது. மனைவியை இழந்த ஆண்டில் இரு பக்கமும் எழுதாமல் விட்டு, மறு ஆண்டில்தான் நிரப்பினேன்.

சென்ற டிசம்பர் 31ஆம் நாள் இரவு வாசித்துக்கொண்டு வந்தபோது, பேத்தி 1968ஆம் ஆண்டுப் பக்கத்தில் விரலை வைத்து, "தாத்தா, இங்கே மட்டும் ஏன் ஒன்றும் எழுதவில்லை?" என்றாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மண் சரிந்த அந்த மலைப்பாதையிலிருந்து தொடங்கினேன். ஆலயத்தில் முதல் மணி அடித்தபோது நாங்கள் இன்னும் புறப்படவில்லை.